சின்னத் தொட்டி

கினொசாகியில் நாங்கள் தங்கிய விடுதியின் குளியல் தொட்டியில் நாலு பேர் இருக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் கரையில் குந்தியிருந்து காலை மட்டும் நனைக்க வேண்டியதுதான். மர வாசனை அடிக்கும், நன்றாகத் தேய்த்துக் கழுவிய தொட்டி. ஆனால் சின்னது. துவாயும் கையுமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர், மூன்று மாடி மர விடுதி, ஓர் இரவுக்குக் கொடுத்த காசில் திருகோணமலையில் கடற்கரை ஹோட்டலில் ஒரு கிழமை இருந்துவிட்டு வரலாம். அதற்கு இந்தத் தொட்டியா? ஜப்பான் போய்வந்த கதையை யார் கேட்டாலும் நான் இந்தத் தொட்டியில்தான் தொடங்குகிறேன், கதையோ ஒவ்வொரு முறையும் வேறெங்கோ போய் நிற்கிறது. ஒருதரம் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் மச்சான், மாமாவின் மகன். பதினைந்து வருஷமாக ஒசாகாவில் வேலை. அவனுக்கு ஜப்பானிய மொழி தண்ணீர்பட்ட பாடு, எனக்கு 'அரிகாத்தோ'வுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒசாகாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணித்தியாலம். கார்த்திகை மாதக் குளிர். வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் நாகாய்-சான், அதாவது அறைக்குப் பொறுப்பான பெண், அதை எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார். மறுநாள் புறப்படும்வரை எங்கள் சப்பாத்தை நாங்கள் காணவில்லை. அறையில் தாதாமிப் பாய், ஒரு தாழ்ந்த மேசை, தேத்தண்ணீர், ஒரு இனிப்பு. கட்டில் இல்லை, கதிரைக்குக் கால் இல்லை. இதெல்லாம் ஜப்பானிய விடுதி பற்றி எழுதுகிற எல்லாரும் எழுதுகிற சங்கதிதான், விட்டுவிடுகிறேன்.

தொட்டியைப் பார்த்துவிட்டு மேலே வந்து மச்சானிடம் முறையிட்டேன். "பெரிய தொட்டி வேற எங்கயாவது இருக்கோ எண்டு கேள்" என்றேன். அவனுக்கு விருப்பமில்லை. "கேக்கிற கேள்வியாடா இது" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கேட்டான். நாகாய்-சான் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. இருக்கிறது, வெளியே ஏழு இருக்கின்றன என்று தெருப்பக்கம் கையைக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு, ஒரு கூடை, அதற்குள் துவாய். விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஏழு பொதுக் குளியல் வீடுகளும் இலவசம், இரவு எத்தனை தரம் வேண்டுமானாலும் போகலாமாம். எனக்கு அது சமாதானமாக இல்லை. காசு வாங்கியது இவர்கள், குளிக்க அனுப்புவது தெருவுக்கு என்றுதான் மனம் கணக்குப் போட்டது. ஊரில் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, சாப்பாடு பக்கத்து வளவில் இருக்கிறது, போய்ச் சாப்பிடுங்கோ என்று சொன்னது மாதிரி.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி மட்டும். நண்டுக் காலம். இந்தக் கடலில் பிடிக்கிற மாட்சுபா நண்டின் காலில் ஒரு நீலத் துண்டு கட்டியிருந்தது. அருகிலுள்ள சுயியாமாத் துறைமுகத்தில் இறங்கிய நண்டு என்பதற்கு அது அடையாளம், பிடித்த படகின் பெயர்கூட அதில் உண்டு. நாங்களும் நண்டு தின்று வளர்ந்தவர்கள்தான், ஆனால் எந்தப் படகு என்று நண்டிடம் கேட்டதில்லை. பச்சையாக, சுட்டு, அவித்து என்று வந்துகொண்டே இருந்தது, சோறு மட்டும் வரவில்லை. கடைசியில் எல்லாம் முடிந்த பிறகு ஒரு சிறு கோப்பை சோறும் ஊறுகாயும் வந்தன. குடிக்கிறவர்களுக்கு அதுதான் முறையாம், அரிசி மதுவும் சோறும் ஒன்றாக வராது. குடிக்காத எனக்கு நண்டைச் சோறில்லாமல் தின்றது இன்றைக்கும் மனக்குறை. முதலிலேயே கேட்டிருந்தால் தந்திருப்பார்கள் என்று மச்சான் பிறகுதான் சொன்னான். ஏனடா பிறகு சொல்கிறாய்?

சறத்தோடு தெருவில்

இரவு எட்டு மணிக்கு யுகாதா என்ற பருத்தி அங்கியைச் சுற்றி, அதற்கு மேலே தடித்த ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். வாசலில் மரக் கட்டைச் செருப்பு வரிசையாக இருந்தது, கெத்தா. ஒவ்வொன்றிலும் விடுதியின் பெயர். ஓத்தானி என்ற சிறு ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது, இரண்டு கரையிலும் அலரி மாதிரி இலையோடு தொங்கும் வில்லோ மரங்கள், நடுவில் வளைந்த கல் பாலங்கள். தெரு முழுக்க எங்களைப் போலவே படுக்கை உடுப்பில் சனம். குடும்பம் குடும்பமாக, கையில் கூடை, காலில் கட்டை, டக் டக் என்று. எனக்குச் சட்டென்று ஊர் ஞாபகம் வந்தது. அப்பா இரவில் சறத்தோடு சந்திக் கடைக்குப் போய் பீடி வாங்கிக்கொண்டு வருவாரே, அந்த நடை. ஒரு ஊரே அப்படி நடந்தது. விலை உயர்ந்த விடுதியில் இருப்பவரும் மலிவான விடுதியில் இருப்பவரும் ஒரே தெருவில் ஒரே கட்டைச் சத்தத்தோடு. யுகாதாவின் கோலத்தைப் பார்த்தே எந்த விடுதி என்று ஊர்க்காரர் சொல்லிவிடுவார்களாம்.

ரயில் நிலையம் வாசல், தெருக்கள் நடை, விடுதிகள் அறை, பொதுக் குளியல் வீடுகள்தான் குளியலறை, ஆக ஊர் முழுவதும் ஒரே விடுதி என்று கினொசாகிக்காரர் தங்கள் ஊரைச் சொல்வது வழக்கம் என்றான் மச்சான். சுற்றுலாப் பயணிக்கு எழுதிய விளம்பர வரி என்றுதான் நான் நினைத்தேன். நல்ல வரி, ஆனால் தொட்டி சின்னதுதானே.

ஏழுக்கும் தனித்தனிக் கதை உண்டு. காயம்பட்ட நாரை ஒன்று வந்து காலை நனைத்து ஆற்றிக்கொண்ட ஊற்று கோனொயு. டோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் பிரார்த்தித்தபோது 720-ஆம் ஆண்டில் பொங்கியது மண்டராயு. 'மண்டரா' வேறொன்றுமில்லை, நம்முடைய மண்டலம்தான், சீனம் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏழு என்று கேட்டதும் எனக்கு உள்ளே ஏதோ தட்டியது. எங்கள் ஊரில், திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவிலும் ஏழு. தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்தினான், ஏழு இடத்தில் சுடுநீர் வந்தது என்பது கதை. ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. வாளியால் அள்ளி நின்றபடியே தலையில் ஊற்றுவோம், ஒரு கிணறு விடாமல். அம்மம்மா முன்னால் நின்று எண்ணுவார். அந்தியேட்டிக்கு அங்கே போவது வழக்கம், ஆகவே கன்னியா என்றால் எனக்குக் குளிப்பும் சாவும் சேர்ந்த வாசனை.

ஜிசோயுவில் ஊற்றிய வாளி

நாங்கள் முதலில் நுழைந்தது ஜிசோயு. ஊர்க்காரர்களும் பிள்ளைகுட்டியோடு வருகிற இடம், அலங்காரம் குறைவு. உடுப்பில்லாமல் அந்நியரோடு குளிப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் எனக்கு எதிரே இருப்பது ஆளா தூணா என்றே தெரியாது, கூச்சம் அந்த அளவில் முடிந்தது. தொட்டியில் இறங்கும் முன் உடம்பைக் கழுவ வேண்டும் என்று தெரியும். சுவரோரமாகக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன முக்காலி, ஒரு சின்ன வாளி. நான் வாளியை நிரப்பினேன், எழுந்து நின்றேன், கன்னியாவில் செய்கிற மாதிரி மடாரென்று தலையில் ஊற்றினேன்.

பின்னால் ஒரு சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் ஒரு கிழவர், எண்பது வயதிருக்கும், முக்காலியில் குந்தியிருந்து தாடியை மழித்துக்கொண்டிருக்கிறார். என் தண்ணீர் முழுவதும் அவர் முதுகில், சவர்க்கார நுரையோடு. கையில் சவரக்கத்தி. நான் சிலையாக நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியைக் கீழே வைத்தார், எட்டிப் பக்கத்திலிருந்த முக்காலி ஒன்றை இழுத்தார், அதன் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார், என் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். நான் இருந்தேன். அவர் திரும்பி மழிப்பதைத் தொடர்ந்தார். யாராவது திட்டியிருந்தால் அரை மணியில் மறந்திருப்பேன். அந்த முக்காலியை ஒருவர் எனக்காகக் கழுவி வைத்ததை மறக்க முடியவில்லை.

பிறகு தொட்டியில் அவருக்கு எதிரே போய் இறங்கினோம். 42 டிகிரியை ஒட்டிய சூடு, முதலில் சுரீரென்றது, கழுத்துவரை போனதும் அடங்கியது. உதட்டில் பட்டால் லேசாக உப்புக் கரிக்கிறது. மச்சான் என் சார்பில் மன்னிப்புக் கேட்டான். கிழவர் சிரித்தார், எந்த ஊர் என்றார். எங்கள் ஊரிலும் ஏழு சுடுநீர்க் கிணறு, அங்கே நின்றுதான் ஊற்றுவோம் என்று மச்சான் சொன்னதும் அவருக்குப் பெரிய சந்தோஷம். ஏழா, ஏழா என்று இரண்டு தரம் கேட்டார். பேச்சு வளர்ந்தது. மச்சான் எனக்குத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தான், நான் இங்கே சேர்த்துத் தைக்கிறேன்.

1925 மே 23-ஆம் தேதி பகலில் பூமி நடுங்கியது. மதியச் சமையல் நேரம், அடுப்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஊர் நடுக்கத்தில் விழுந்ததைவிடத் தீயில் போனதுதான் அதிகம். மீண்டும் கட்டும்போது தெருவை அகலமாக்க ஒவ்வொருவரும் தன் நிலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். ஆற்றங்கரையில் நாங்கள் வரும் வழியில் பார்த்த கறுப்புக் கற்கள்கூட, அதே நடுக்கத்தில் அருகிலுள்ள கென்புதோ குகையிலிருந்து சரிந்து விழுந்தவையாம். அதுவரை இந்த ஊர் விடுதிகள் எதிலும் உள்ளே ஊற்றுநீர்க் குளியல் கிடையாது. குளிக்க வேண்டுமானால் எல்லாரும் வெளியேதான். 1927-இல் ஒரு விடுதிக்காரர் தன் வளவில் கிடைத்த ஊற்றை எடுத்து, தன் விடுதிக்குள்ளேயே தொட்டி கட்டினார். அவருடைய நிலம், அவருடைய தண்ணீர், அவருடைய கூரை. அப்புறம் என்ன?

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. நிலத்துக்குக் கீழே ஓடுவது ஒருவருடைய தண்ணீர் ஆகாது, அது ஊருடையது என்றார்கள். இன்னொரு பயமும் இருந்தது. இன்றைக்கு ஒருவர் உள்ளே கட்டுவார், நாளைக்கு வசதி உள்ளவன் எல்லாம் கட்டுவான். வந்தவன் உள்ளேயே குளித்து உள்ளேயே சாப்பிட்டு உள்ளேயே தூங்கிவிட்டுப் போவான். தெருவில் யார் நடப்பார்கள்? கட்டைச் செருப்புக் கடை, இனிப்புக் கடை, சின்ன விடுதிகள் எல்லாம் எதைத் தின்னும்? வழக்கு நீதிமன்றம் போனது. இடையில் ஒரு உலக யுத்தமே வந்து போய்விட்டது, வழக்கு முடியவில்லை. 1950-இல்தான் சமரசம். இருபத்து மூன்று வருஷம். தன் அப்பாவும் இன்னொரு வீட்டுக்காரரும் இதே தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருவர் பாலத்தைக் கடந்து அடுத்த கரைக்குப் போய்விடுவார் என்றார் கிழவர். சின்னப் பையனாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் பாலத்தைக் கடந்திருக்கிறாராம், ஏன் என்று தெரியாமலேயே.

"கடைசியில ஆர் வெண்டது எண்டு கேள்" என்றேன் மச்சானிடம்.

அவன் கேட்டான். கிழவர் நேரே பதில் சொல்லவில்லை. நாங்கள் எந்த விடுதி என்றார். சொன்னோம். உள்ளே தொட்டி இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றோம். எப்படி என்றார். மச்சான் என்னைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சின்னது என்றான்.

கிழவர் தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுத்து ஒரு விரலை நீட்டினார். "அதுதான் தீர்ப்பு."

தொட்டியின் அளவு

அதாவது, ஊற்றுநீர் ஊருக்குப் பொது. அதைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் பொதுவான ஒரு அமைப்பு, யுஷிமாச் சொத்து வட்டம் என்று அதற்குப் பெயர். எல்லா ஊற்றின் நீரையும் ஒன்றாகச் சேர்த்து அங்கிருந்துதான் பொதுக் குளியல் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் குழாய் போகிறது. விடுதிகள் உள்ளே தொட்டி வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளியே இருப்பதைத் தோற்கடிக்கிற அளவுக்குப் பெரிதாக வைக்கக்கூடாது. உள்ளே கட்டியவருக்கும் ஒரு தொட்டி கிடைத்தது. ஊருக்கும் தெரு கிடைத்தது. நான் கஞ்சத்தனம் என்று நினைத்தது இரண்டு தரப்பும் இருபத்து மூன்று வருஷம் இழுபட்டு ஒப்புக்கொண்ட அளவு.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொன்னால் முழு உண்மையில்லை. கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. தன் நிலத்தில் வந்த தண்ணீரை எடுத்தவரில் என்ன பிழை என்று ஒரு மனம் இன்னமும் கேட்கிறது. ஊர் என்று சொல்லிக்கொண்டு ஒருவனை அமுக்குவது எங்கள் பக்கம் நடக்காததா? பொதுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று எங்கள் ஊர்கள் வைத்திருந்த சட்டங்களை நினைத்தால் 'ஊருக்குப் பொது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். மச்சானோடு இதைப் பற்றி அந்த இரவே வாக்குவாதப்பட்டேன். "இஞ்ச அள்ளாதே எண்டு ஒருத்தனையும் சொல்லேல்லையே, வெளியில வந்து எல்லாரோடயும் சேர்ந்து அள்ளு எண்டுதானே சொன்னவங்கள்" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இருந்தாலும் முழுதாக ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

கன்னியாவை நினைத்துத்தான் அப்படி. போர்க்காலத்தில் அந்தப் பக்கம் போவதே அரிது. இப்போது அந்த ஏழு கிணறும் யாருடைய வரலாறு, யாருடைய கோயில், யார் என்ன கட்டலாம் என்று 2019-இல் நீதிமன்றம் வரை போய்விட்டது. கடைசியாக நான் போனபோது நுழைவுச்சீட்டு வாங்கித்தான் உள்ளே போனேன். எங்கள் கிழவர்கள் யாராவது தொட்டிக்குள் இருந்தபடி ஒரு விரலை நீட்டி, இதுதான் தீர்ப்பு என்று ஒரு அந்நியனுக்குச் சொல்கிற நாள் வருமா தெரியாது. அந்தக் கிழவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. மச்சானும் மொழிபெயர்க்க முன்வரவில்லை.

இன்னும் இரண்டு குளியல் வீடுகளுக்குப் போய்விட்டு விடுதிக்குத் திரும்பும்போது பத்தரை இருக்கும். மேசை ஓரமாகப் போயிருந்தது, பாயின் மேல் இரண்டு மெத்தை விரித்திருந்தது. மச்சான் விழுந்ததும் குறட்டை. எனக்குத் தூக்கம் வரவில்லை, துவாயை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சின்னத் தொட்டியில் யாரும் இல்லை. முக்காலியில் இருந்து, சத்தம் வராமல் தண்ணீரைத் தோளில் ஊற்றிக் கழுவினேன். இறங்கினேன். காலை நீட்டினால் எதிர்ச் சுவர் பாதத்தில் முட்டியது. மூலையில் குழாயிலிருந்து சுடுநீர் மெல்ல வந்துகொண்டே இருந்தது, கரையில் வழிந்து வடிகாலுக்குப் போனது. சாணால் அளந்து பார்த்தேன், சிரிக்காதீர்கள். நீளம் பதினொரு சாண், அகலம் எட்டு. பக்கத்துச் சுவருக்கு அப்பால் தெருவில் யாரோ கட்டைச் செருப்போடு போகிற சத்தம் கேட்டது, இரண்டு பேர், ஒருவர் வேகமாக, ஒருவர் மெதுவாக. பாலம்வரை போய்ச் சத்தம் மாறியது.

மறுநாள் காலையில் விடியப்புறமாக எழும்பிக் கோனொயுவுக்கும் இச்சினொயு என்ற இன்னொன்றுக்கும் ஓடினோம். பத்து மணிக்கு அறையைக் கொடுக்க வேண்டும். நாகாய்-சான் எங்கள் சப்பாத்தைக் கொண்டுவந்து, காலை நுழைக்க வசதியாக வெளிப்பக்கம் பார்த்து வைத்தார். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். ரயில் வர அரைமணி இருந்தது. அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"குளிச்சனியே மகன்?"

"குளிச்சனான் அம்மா. இஞ்சயும் ஏழு."

"ஏழோ! ஏழிலயும் குளிச்சாச்சோ?"

"அஞ்சில. ஒண்டு இண்டைக்குப் பூட்டு. மற்றது ராத்திரி சரியான சனம், இப்ப போனால் பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் திறப்பினம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அம்மா விரல்விட்டு எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். தங்கியிருந்த வீட்டுக்குள்ளேயும் ஒரு சின்னத் தொட்டி இருந்தது, அதிலும் குளித்தேன் என்றேன்.

"அது கணக்கில வராது" என்றார்.